எல்லை வழக்கு நடத்திய வக்கீல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டு இரண்டு நாளாகிறது. ரப்பர் வெட்டு மறுபடியும் தொடங்கியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன விஷயத்துக்கு எனக்கு அப்போதே பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுறேன் மக்களே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு உன் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிள்ளை அவ்வளவு ஆசையாகச் சொல்கிறாள், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் போனில் எனக்கு வார்த்தை அமையாது. 38 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகப் பேனாவோடு இருந்தவன், எழுத உட்கார்ந்தால்தான் மனசில் கிடப்பது வெளியே வரும்.

கட்சிக்காரர்கள் வந்து, அடுத்த தேர்தலில் நம் ஊர்ப் பக்கம் நிற்கச் சம்மதமா என்று கேட்டார்கள் என்றாய். அந்தக் 'கட்சிக்காரர்கள்' என்ற சொல்லில் நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். கோர்ட்டு வராந்தாவில் ஆயுசைக் கழித்தவனுக்குக் கட்சிக்காரர் என்றால் வழக்கோடு வருகிறவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய பத்திரம், ராத்திரி தூங்காத முகம். நீ சொன்ன கட்சிக்காரர்கள் வேறு ஆட்கள். சொல் ஒன்றுதான். இந்த இரண்டு பேரில் உன்னிடம் யார் முதலில் வர வேண்டும் என்பதுதான் இரண்டு நாளாக என் மனசில் ஓடுகிறது.

வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. நீ பெண் என்கிற தயக்கமும் எனக்குத் துளியும் கிடையாது. விளவங்கோடு தொகுதி 2011 முதல் தொடர்ந்து நான்கு முறை பெண்களைத்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. நான் சொல்ல வருவது வேறு. அதைச் சொல்ல எனக்கு, நம் கன்னியாகுமரிப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணி வக்கீலைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரு சினிமா காமெடிதான் ஞாபகம் வருகிறது என்று நீ ஒரு தடவை சொன்னாய். அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, தெரியாதவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் இங்கே அந்தப் பெயருக்குச் சிலை இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது, மார்த்தாண்டத்தில் கல்லூரி இருக்கிறது. நீ பிறந்த காலத்தில் நம் மாவட்டத்து அரசு பஸ்களில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். 1997-இல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. நான் இன்றைக்கும் நேசமணி பஸ் என்றுதான் சொல்கிறேன்.

சிலையும் கல்லூரியும் உனக்குத் தெரியும். வக்கீல் நேசமணியைப் பற்றி உனக்கு நான் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அது என் தப்பு.

அவர் பிறந்தது 1895 ஜூன் 12, பள்ளியாடியில். ரயிலில் வரும்போது குழித்துறைக்கும் இரணியலுக்கும் நடுவே வரும் அதே பள்ளியாடிதான். அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் ராஜ்யம். நம் நாடார் ஆட்களுக்கு அங்கே என்ன மரியாதை இருந்தது என்று உனக்குத் தெரியும். நம் பெண்கள் தோளை மூட உரிமை கேட்டு அடிபட்டு, 1859-இல்தான் அதற்கு அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குக் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12-இல். நேசமணி திருவனந்தபுரத்தில் சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் கோர்ட்டில் தொழில் தொடங்கியது 1921-இல். கோயில் கதவு திறப்பதற்கு 15 வருஷம் முன்னால் ஒரு நாடார் வாலிபர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறினார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

அங்கே நடந்ததாக எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் கதையை உன் பாட்டாவின் மடியிலேயே நான் கேட்டிருக்கிறேன். வக்கீல்கள் உட்காரும் அறையில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூல். குடிக்கிற தண்ணீருக்கும் தனித்தனிப் பானை. இவர் அந்த ஸ்டூலைக் காலால் உதைத்துத் தள்ளினார், பானையை உடைத்தார், எல்லோருக்கும் ஒரே நாற்காலி ஒரே பானை என்று ஆக்கினார் என்பார்கள். பாட்டா இதைச் சொல்லும்போது 'உதைத்தார்' என்ற இடத்தில் தன் காலையும் ஒரு ஆட்டு ஆட்டுவார்.

சின்ன வயதில் எனக்கு அந்த உதையோடு கதை முடிந்துவிடும். குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகுதான் அடுத்த நாள் காலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அடுத்த நாளும் அவர் அதே அறைக்குத்தான் போயிருக்க வேண்டும். அதே ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலிடம் வாய்தா கேட்டிருக்க வேண்டும், நகல் மனுவுக்கு அதே கிளார்க்கிடம் போய் நின்றிருக்க வேண்டும். சின்ன ஊர் கோர்ட்டில் யாரையும் ஒரேயடியாக வெட்டிக்கொள்ள முடியாது மக்களே. உனக்கு ஹைகோர்ட்டில் ஆயிரக்கணக்கான வக்கீல்கள். இங்கே முப்பது நாற்பது முகம்தான், தினமும் அதே முகம். அந்த இடத்தில் 20 வருஷத்துக்கு மேல் கிரிமினல் வழக்கு நடத்திப் பெயர் எடுத்தார். கடைசியில் அதே வக்கீல் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். அந்த உதையைவிட இதுதான் எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

இப்போது வருஷத்தைக் கவனி. தொழில் தொடங்கியது 1921. நாகர்கோவில் நகரசபைத் தலைவரானதும், திருவிதாங்கூர் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்கு உறுப்பினராகப் போனதும் 1943-இல். நடுவில் 22 வருஷம். அந்த 22 வருஷத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. சிலை வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது. காலையில் எழுந்தால் திண்ணையில் நான்கு பேர், கோர்ட்டு விட்டு வந்தால் ஆறு பேர். மரம் வெட்டின தகராறு, வேலி நகர்த்தின தகராறு, கல்யாண வீட்டு அடிதடி. அவர் காலத்து அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சின்ன ஊர் வக்கீலின் அலுவலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம் சீனியரின் ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஸ்கூல் விட்டு வந்து அந்த மூலை பெஞ்சில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாய். நான் உனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேஸ் கட்டு தைப்பேன். பெரிய ஊசி, வெள்ளை நூல், ஓரத்தில் மூன்று ஓட்டை. வக்காலத்து ஒரு பக்கம், பிராது ஒரு பக்கம், கோர்ட்டு பீஸ் ஸ்டாம்ப் கிழியாமல் ஒட்ட வேண்டும். நூல் முடிச்சு உள்பக்கம் வர வேண்டும், வெளியே வந்தால் சீனியர் அவிழ்க்கச் சொல்வார். நீ ஒரு நாள், "அப்பா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாய். நான் "ஒரு வீட்டுக்கு வழி இருக்கு" என்றேன். உனக்குப் புரியவில்லை. அது ஒரு பாதை வழக்கு.

அந்த வழக்கைப் பற்றி உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை. அருமனைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த ஒரு விதவை அம்மா. விளையிலிருந்து ரோட்டுக்கு வர இருந்த நடைபாதையைப் பக்கத்து விளைக்காரர் அடைத்துவிட்டார். வாய்தா தேதி 16. நான் டைரியில் 18 என்று எழுதிவிட்டேன். நாங்கள் போகாததால் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. அதை நீக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும், போட்டோம், ஆனால் வழக்கு பழைய இடத்துக்குத் திரும்பி வர 14 மாதம் ஆனது. அந்த 14 மாதமும் அந்த அம்மா பாறைக்கட்டு ஏறி இறங்கித்தான் ரோட்டுக்கு வந்தார். என்னால்தான் என்று நானே அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எனக்கு அதைத் தொட முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நீதான் சாப்பிட்டாய்.

ஒரு எழுத்து தப்பினால் ஒரு வீட்டுக்கு வழி இல்லாமல் போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் அத்தனை வருஷம் நான் அந்த வேலையைச் செய்திருக்கிறேன், உறைத்ததில்லை.

சரி, நேசமணிக்கு வருகிறேன்.

1947-இல் தேசம் விடுதலை ஆகும்போது நம் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடம், ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் மலையாளம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அந்த இயக்கத்தை இவர் தொடங்கவில்லை. 1945-இலேயே வேறு சிலர் தொடங்கிவிட்டார்கள். இவர் 1947-இல்தான் அதற்குள் வந்தார், வந்தபின் அதற்குத் தலைமை ஏற்றார். 1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று திருவிதாங்கூரில் முதல் தேர்தல் நடந்தது. இயக்கத்துக்கு 14 இடம் கிடைத்தது. எந்த மக்கள் இவர் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களோ, அவர்களுக்கு முதல் தடவையாக ஓட்டு வந்தபோது யாருக்குப் போடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

அடுத்த வருஷம், 1949 ஜூலை 1-இல், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அந்தச் சபையில் தமிழர்கள் இன்னும் சிறுபான்மை ஆனார்கள். நீ சட்டமன்றம் போனால் உனக்கும் இது வரும், அதனால் சொல்கிறேன். சிறிய கட்சிக்குக் கையில் இருப்பது இரண்டே ஆயுதம். ஒன்று, எழுந்து பேசுவது. இன்னொன்று, பெரிய கட்சிக்குப் பெரும்பான்மை குறையும்போது நம் ஓட்டுக்கு விலை வருவது. இவர்கள் இரண்டையும் செய்தார்கள். 1952-இல் காங்கிரஸ் மந்திரிசபைக்கு ஆதரவு கொடுத்தார்கள், 1953-இல் ஆதரவை எடுத்தார்கள், மந்திரிசபை போயிற்று, 1954-இல் மறுபடியும் தேர்தல் வந்தது. அப்போது நேசமணி நாகர்கோவில் எம்.பி.யாக டெல்லியில் இருந்தார். மக்களவையில் அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான்.

1954-ஐப் பற்றி எழுத எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது.

பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சர். தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் தடையை மீறிப் போனதற்கு நேசமணியைக் கைது செய்தார்கள். ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக நடத்துவது என்று இங்கே முடிவு செய்திருந்தார்கள். அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஊர்வலத்தில் வந்த சாதாரண ஆட்கள் செத்து விழுந்தார்கள். பிரஜா சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா தன் சொந்தக் கட்சியின் முதலமைச்சரையே ராஜினாமா செய்யச் சொன்னார். அது நடக்கவில்லை. உன் பாட்டா அப்போது புதுக்கடையில் கருப்பட்டி வியாபாரம். அன்றைக்கு அவர் என்ன பார்த்தார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 11-க்கும் சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். பாட்டி இலை போட்டு வைத்துக் காத்திருப்பாள்.

நான் என் டைரியில் செய்த தப்பை ஒரு மனு போட்டு நீக்க முடிந்தது. புதுக்கடையில் விழுந்தவர்களுக்கு அப்படி ஒரு மனு கிடையாது. அரசியல் என்று நீ சொல்லும்போது எனக்கு முதலில் வயிற்றில் பிசைவது இதனால்தான். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் ரோட்டுக்கு வரும். சொல்கிறவர் ஒருவர், மார்பில் வாங்குகிறவர் வேறொருவர். அந்தச் செய்தி நேசமணிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும், அந்த ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வக்கீல் வேலையாகத் தெரிகிறது. மாநிலங்களைப் பிரித்து அமைக்க பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூன்று பேர் ஆணையம் ஏற்கெனவே 1953 டிசம்பரில் அமைந்திருந்தது. இது ஒரு எல்லை வழக்கு, அவ்வளவுதான். நீ வேலித் தகராறுக்கு சர்வே ஸ்கெட்ச்சும் நிலவரிக் கணக்கான தண்டப்பேரும் வைப்பதுபோல, இங்கே 1951 மக்கள்தொகைக் கணக்கு. எந்தத் தாலுகாவில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதுதான் சாட்சியம். எத்தனை ஊர்வலம் போனாலும் அந்த எண் இல்லாமல் தீர்ப்பு வராது. பணிக்கர் மலையாளி. அவரும் கையெழுத்துப் போட்ட 1955 அறிக்கையில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் தமிழர் பக்கம் சேர வேண்டும் என்று வந்தது. எதிர்த்தரப்பு ஆளாகப் பார்க்கப்பட்ட ஒருவரையும் ஒப்புக்கொள்ள வைத்த சாட்சியம் அது. ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட நிறைவு தரும் விஷயம் கிடையாது மக்களே. கட்டு சரியாக இருந்திருக்கிறது.

ஆனால் கேட்டது ஒன்பது தாலுகா. நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. சித்தூர் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கே இருந்த தமிழர்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் என்று ஆணையம் சொல்லிவிட்டது. செங்கோட்டையிலும் ஒரு பகுதி அந்தப் பக்கமே நின்றது. பாதி டிக்ரி, கேட்டதில் பாதிக்குத்தான் தீர்ப்பு. எந்த மலைக்காகச் சிறைக்குப் போனாரோ அந்த மலையே கிடைக்கவில்லை. அதற்காக, கிடைத்ததையும் வேண்டாம் என்று அவர் உதறவில்லை. 1956 நவம்பர் 1, நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின, செங்கோட்டை திருநெல்வேலியோடு போனது. நேசமணி தன் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டு, 1957-இல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். எம்.பி.யாக இருந்தவர் எம்.எல்.ஏ. ஆவதை இன்றைக்கு இறக்கமாகப் பார்ப்பார்கள். புது மாவட்டத்துக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கேட்டு வாங்க வேண்டிய இடம் சென்னையாக இருந்தது. அதனால் அங்கே போனார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு 1962-இலும் 1967-இலும் மறுபடி எம்.பி. 1968 ஜூன் 1-இல் காலமானார். எனக்கு அப்போது 14 வயது. பாட்டா கடையைப் பூட்டிவிட்டு, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாகர்கோவில் போனார். அந்த இடத்துக்கு 1969-இல் இடைத்தேர்தல் வந்தபோது நின்று ஜெயித்தவர் காமராஜர். விருதுநகரில் தோற்ற காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது நேசமணி விட்டுப்போன தொகுதி.

அந்தப் பாதி டிக்ரியின் மிச்சம் இன்னும் நிறைவேற்றத்தில் நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில். நம் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் தர வேண்டிய நெய்யாறு அணை இருப்பது நெய்யாற்றின்கரைப் பக்கம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயை நம்பி நம் தாலுகாவில் 9,200 ஏக்கர். 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நீ சின்னப் பிள்ளையாக அந்தக் கால்வாயில் கால் நனைத்திருக்கிறாய். அதற்கப்புறம் அதில் செடி முளைத்ததைத்தான் பார்த்தாய். மாமா வீட்டு வயல் வாழையாகி, வாழை ரப்பராகி, இப்போது பாதியில் வீடு வந்துவிட்டது. உன்னிடம் வந்த கட்சிக்காரர்கள் இந்தக் கால்வாயைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? நீ போனில் சொன்னதில் அது வரவில்லை. கூட்டணி, சீட்டு, உன் வயசு, உன் படிப்பு எல்லாம் வந்தது.

அதனால் அப்பா சொல்வது இதுதான். உனக்கு 31 வயது, தொழிலில் ஏழு வருஷம், அதுவும் ஹைகோர்ட்டில். அங்கே உன்னிடம் வருவது பேப்பர் புக், கட்டிய வழக்குத் தாள்கள்தான். மனுஷன் கீழ்க்கோர்ட்டோடு நின்றுவிடுவான். நீ ஊருக்கு வா. எலெக்‌ஷனுக்காக வராதே, குழித்துறை கோர்ட்டுக்காக வா. 22 வருஷம் இரு என்று சொல்ல மாட்டேன், காலம் வேறு. ஒரு ஐந்து வருஷம் இரு. வேலித் தகராறு, ஜீவனாம்சம், செக் கேஸ், மோட்டார் விபத்து, எல்லாவற்றையும் எடு. மஞ்சள் பைக்காரர்கள் உன் திண்ணைக்கு வரட்டும். அப்புறம் அந்தக் கட்சிக்காரர்கள் வந்து கேட்டால் யோசி. அவர்கள் வராவிட்டாலும் மஞ்சள் பைக்காரர்களே உன்னை நிற்கச் சொல்லும் நாள் வரலாம். எம்.எல்.ஏ. ஆனபிறகும் தொழிலை விட வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மந்திரி ஆனால் வேறு கதை. அதை அப்போது பார்ப்போம்.

இது என் ஆசை மட்டும்தானா என்று நானே கேட்டுப் பார்த்தேன். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னாள், சொல்லிவிட்டேன். ஆனால் அதற்காக நான் நேசமணியை இழுத்து வரவில்லை. அவரைப் பற்றி நான் எழுதியது முழுக்க மனசார எழுதியது.

நீ அரசியலுக்கே போகக் கூடாது என்று அம்மா நினைக்கிறாள் என்று எண்ணாதே. அவள்தான், இவள் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்கிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சீனியர் போன பிறகு அவர் மகன் ஆபீஸைக் காலி செய்தபோது பழைய கட்டுகளை எடைக்குப் போடப் பார்த்தார். நான் கேட்டு வாங்கி வந்து நம் வீட்டு மாடியில் வைத்திருக்கிறேன். அதில் பாதிப் பத்திரங்கள் 1956-க்கு முந்தையவை. எழுத்து மலையாளம், தேதி மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு. நம் தாலுகாவில் இன்றைக்கும் ஒரு நிலத்தின் மூலப் பத்திரத்தைத் தேடிப் போனால் அங்கேதான் போய் முட்டும். இங்கே வருகிற புது ஜூனியர்கள் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. போட்டோ எடுத்து யாரிடமோ அனுப்பி, அவர்கள் சொல்வதை நம்புகிறார்கள். நான் 23 வயதில் சீனியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுவதும் எழுதிப் பழகித்தான் அதைக் கற்றேன். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் நம் வருஷம் வரும். சிங்க மாதத்திலிருந்து, அதாவது நம் ஆவணியிலிருந்து, தனு என்கிற மார்கழி பாதி வரைக்கும் 824. 1132 துலாம் 16 என்று ஒரு பத்திரம் கிடக்கிறது. கணக்குப் போட்டுப் பார், நம் மாவட்டம் பிறந்த நாளையொட்டி வரும். அன்றைக்கும் யாரோ ஒருவர் பத்து சென்ட் விளையை ஒற்றிக்கு வைத்திருக்கிறார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு எத்தனை நாள் வருகிறாய் என்று எழுது. பத்து நாள் இருந்தால் எழுத்து முழுவதும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். என் கண் நன்றாக இருக்கும்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும். வரும்போது கோடு போட்ட நீள நோட்டு இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது மை ஊறுகிறது. மட்டிக்குலை ஒன்று வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா